அபார்ட்மென்ட் முகாமில் பெரியவர்களுக்கு ஏஎஃப் (இதயத் துடிப்பு தாளம் தவறும் கோளாறு) பரிசோதனை வைக்கலாமா, வைத்தால் எப்படி?

நங்கநல்லூர்_இணைச்செயலாளர்:

வணக்கம். கேள்விக்கு முன்னால் கொஞ்சம் கதை இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நங்கநல்லூரில் எங்கள் குடியிருப்பில் 64 வீடு. பாதிக்கு மேல் பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீடுகள், பிள்ளைகள் ஓஎம்ஆர் பக்கமோ கடல் தாண்டியோ. போன மாதம் பி பிளாக் மாமா ஒருவர், வயது 77, காலையில் காபி டம்ளரை எடுக்கப் போனால் கை வரவில்லை, வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. மாமி பித்தம் என்று நினைத்து சுக்கு தட்ட ஆரம்பித்துவிட்டார், எதிர்வீட்டுப் பெண்தான் பார்த்துவிட்டு 108-க்குக் கூப்பிட்டாள். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் ஆள் தப்பினார், வலது கை மட்டும் இன்னும் முழுசாக வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாம், சுருக்கமாக ஏஎஃப். இதயத்தின் மேல் அறை ஒழுங்காகச் சுருங்காமல் சும்மா நடுங்கிக்கொண்டே இருக்கிறது, அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகி, அது மூளைக்குப் போய் அடைத்திருக்கிறது என்றார் டாக்டர். எத்தனை நாளாக இருந்ததோ சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

எனக்கு உறுத்துவது என்னவென்றால், மாமா தினமும் நடப்பவர், மாதாமாதம் பிபி, சுகர் பார்த்து டைரியில் எழுதி வைப்பவர். மாமி அந்த டைரியைக் காட்டினார். நான்கு வருஷக் கணக்கு, பேங்க் பாஸ்புக் மாதிரி. அதில் நாடித்துடிப்பு என்று ஒரு பத்தியே இல்லை.

இப்போது சங்கத்தில் ஒரு முகாம் வைக்கலாம் என்று பேச்சு. ஒரு லேப், ஈசிஜி, கொழுப்பு, இன்னும் என்னென்னவோ சேர்த்து ஒரு பேக்கேஜ் சொல்கிறது. கமிட்டியில் ஒருவர் விரல் வைத்தால் ஈசிஜி காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கலாம் என்கிறார். எங்கள் பொருளாளர் (ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர், யார் எதற்குப் பணம் கேட்டாலும் முதலில் கண்ணாடியைக் கழற்றுவார்) இருக்கிற வியாதி போதாதா, இல்லாததை வேறு தேடிக் கண்டுபிடிக்கணுமா என்று கேட்கிறார். எனக்கு இருவர் சொல்வதும் சரி மாதிரியே படுகிறது. என் அம்மாவுக்கு 72, பிபி, சுகர் இரண்டும் உண்டு, அதனால் சொந்த அக்கறையும் இருக்கிறது. இந்தப் பரிசோதனையால் நிஜமாகவே பக்கவாதம் குறையுமா? ஒரு தடவை ஈசிஜி எடுத்தால் போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:

தம்பி, நான் அரசு ஆஸ்பத்திரியில் 31 வருஷம் நர்ஸாக இருந்தவள், கடைசி 9 வருஷம் இதய வார்டு. லேபுக்கு போன் போடுவதற்கு முன்னால் உங்கள் இரண்டு விரலில் ஆரம்பியுங்கள். அம்மாவின் கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து, முழுசாக ஒரு நிமிஷம் பாருங்கள். உங்கள் கட்டைவிரலை வைக்காதீர்கள், உங்கள் நாடியையே அம்மாவின் நாடி என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள். 15 செகண்ட் எண்ணி நாலால் பெருக்குவதும் இங்கே ஆகாது. நமக்கு எண்ணிக்கை முக்கியமில்லை, தாளம்தான் முக்கியம்.

மார்கழி சீசனில் சபாவில் உட்கார்ந்து மடியில் தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். சில பேருக்கு நடுவில் ஒரு தட்டு முந்தி விழும், அடுத்து ஒரு சின்ன இடைவெளி, மறுபடி பழைய காலப்பிரமாணத்துக்கே வந்துவிடும். அது பெரும்பாலும் எக்டாபிக் என்று சொல்லுகிற கூடுதல் துடிப்பு, வயசானவர்களுக்குச் சகஜம். ஏஎஃப் அப்படி இருக்காது. அதில் தாளமே கிடையாது, குழந்தை கையில் டப்பாவைக் கொடுத்தால் தட்டுமே, அது மாதிரி. இரண்டு சேர்ந்து வரும், ஒன்று தள்ளி வரும், ஒன்று பலமாக, அடுத்தது விரலுக்கே எட்டாமல். எந்த இடத்திலும் சமத்துக்கு வராது. நாங்கள் வார்டில் ஸ்டெத் வைத்து இதயத்தில் ஒரு எண்ணிக்கை, மணிக்கட்டில் ஒரு எண்ணிக்கை என்று இரண்டு பேராக எண்ணுவோம். ஏஎஃப் இருந்தால் மணிக்கட்டில் குறைவாக வரும், சில துடிப்புகளுக்கு மணிக்கட்டுவரை வர பலம் இருக்காது.

இதில் ஒரு குறையும் உண்டு, சொல்லிவிடுகிறேன். விரலால் பார்த்துச் சந்தேகப்படுகிற பல பேருக்குக் கடைசியில் ஏஎஃப் இருக்காது. விரல் சந்தேகப்படத்தான் முடியும், தீர்ப்பு சொல்ல ஈசிஜி வேண்டும், அதையும் மனுஷர் ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, படபடப்பு இருந்தால்தான் ஏஎஃப் என்று நினைக்காதீர்கள். நிறையப் பேருக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கும், அசதியாக இருக்கும், வயசாயிடுச்சு என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். உங்கள் பி பிளாக் மாமா அந்த ரகமாகத்தான் இருந்திருப்பார்.

தரவு_தின்னி:

மருந்து ஆராய்ச்சித் தரவுகளைச் சரிபார்ப்பதுதான் சிறுசேரியில் என் பிழைப்பு, டாக்டர் இல்லை. அதனால் அம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன், ஆராய்ச்சிகள் என்ன சொல்லின என்று மட்டும் சொல்கிறேன்.

ஏஎஃப் இருந்தால் பக்கவாத அபாயம் சுமார் 5 மடங்கு, இது பழைய, உறுதியான கணக்கு. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை அந்த அபாயத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் குறைக்கும், இதுவும் உறுதி. இந்த இரண்டையும் கூட்டினால், முன்கூட்டியே தேடிக் கண்டுபிடித்தால் பக்கவாதம் மளமளவென்று குறையும் என்றுதானே தோன்றும்? அங்கேதான் இடிக்கிறது.

சுவீடனில் ஸ்ட்ரோக்ஸ்டாப் என்று ஒரு பெரிய ஆய்வு. 75, 76 வயதுக்காரர்கள் ஏறக்குறைய 28,000 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். வந்தவர்கள் கையில் ஒரு சின்ன ஈசிஜி கருவியைக் கொடுத்து, இரண்டு வாரம் தினமும் இரண்டு வேளை விரல் வைக்கச் சொன்னார்கள். கூப்பிட்டதில் பாதிப் பேர்தான் வந்தார்கள் (சுவீடனிலேயே இப்படி என்றால் நம் குடியிருப்பில் சங்கக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்). 2021-ல் முடிவு வந்தது. ஏழு வருஷம் போல பின்தொடர்ந்ததில் பக்கவாதம், ரத்தக்கட்டி, பெரிய ரத்தக்கசிவு, மரணம் எல்லாம் சேர்த்து, கூப்பிட்ட பக்கம் 31.9 சதவீதம், கூப்பிடாத பக்கம் 33 சதவீதம். பலன் இருக்கிறது, ஆனால் மெல்லிய பலன்.

அதே 2021-ல் டென்மார்க்கிலிருந்து லூப் ஆய்வு. 70 முதல் 90 வயதுவரை, பிபி, சுகர் மாதிரி ஏதாவது ஒன்று இருக்கிற 6,004 பேர். ஒரு பகுதியினருக்கு நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு சின்னப் பதிவுக் கருவியைப் பதித்து வருஷக்கணக்கில் கண்காணித்தார்கள். கருவி வைத்தவர்களில் 32 சதவீதம் பேருக்கு ஏஎஃப் பிடிபட்டது, வைக்காதவர்களில் 12 சதவீதம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு! பக்கவாதமும் ரத்தக்கட்டியும் 5.6-லிருந்து 4.5 சதவீதத்துக்கு இறங்கியது, ஆனால் அது தற்செயலாக வந்ததில்லை என்று உறுதியாகச் சொல்லுகிற அளவுக்கு அழுத்தமான வித்தியாசம் இல்லை. அதாவது இருபத்துநாலு மணி நேரமும் உற்றுப் பார்த்தால் சில நிமிஷம் வந்துபோகிற ஏஎஃப் கூடச் சிக்கும், ஆனால் சிக்குகிற எல்லாமே பக்கவாதத்தில் கொண்டு விடுகிற ரகம் இல்லை.

அதனால்தான் பெரிய அமைப்புகளே ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2022-ல், அறிகுறி இல்லாதவர்களைப் பரிசோதிக்கலாம் என்றோ கூடாது என்றோ சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. ஐரோப்பிய இதயவியல் சங்கமோ, 65 தாண்டியவர் எதற்காக டாக்டரிடம் வந்தாலும் துடிப்பைப் பாருங்கள், 75 தாண்டியவர்களைக் கூப்பிட்டே பாருங்கள் என்கிறது. பொருளாளர் சாரும் நீங்களும் போடுகிற அதே சண்டைதான், கோட்டு போட்டுக்கொண்டு போடுகிறார்கள்.

ஒரு தடவை ஈசிஜி போதுமா என்ற கேள்விக்கு மட்டும் தெளிவான பதில் இருக்கிறது. அந்த சுவீடன் ஆய்வில் புதிதாக ஏஎஃப் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் வந்தவர்களில் 3 சதவீதம். முதல் நாள் ஈசிஜியில் மட்டும் பார்த்திருந்தால் அரை சதவீதம்தான் கிடைத்திருக்கும். மீதி எல்லாம் இரண்டு வாரத்தில் வந்துபோனவை. ஆகவே முகாமில் ஈசிஜி நார்மல் என்று வந்தால் அந்த பத்து செகண்டில் நார்மல், அவ்வளவுதான் அர்த்தம்.

வேளச்சேரி_வாட்ச்:

நான் எதிர்ப்பக்கத்துச் சாட்சி. அண்ணன் டாலஸிலிருந்து அப்பாவுக்கு ஒரு ஸ்மார்ட்வாட்ச் அனுப்பினான். அப்பாவுக்கு 68. ஒரு ராத்திரி பதினொன்றரைக்கு, துடிப்பு ஒழுங்காக இல்லை என்று வாட்ச் சொல்ல, அப்பா எழுந்து உட்கார்ந்துகொண்டு வேர்க்க ஆரம்பித்துவிட்டார். வேர்த்தது இதயத்தாலா, வாட்சைப் பார்த்த பயத்தாலா, கடவுளுக்கே வெளிச்சம். ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அடித்துப்பிடித்து ஓடினோம். இரண்டு நாள் அட்மிஷன், எக்கோ (இதய ஸ்கேன்), ஹோல்டர் (நாள் முழுக்க உடம்பில் மாட்டிவிடுகிற ஈசிஜி), ரத்தப் பரிசோதனை, இதோடு ஆஞ்சியோவும் செய்துவிடலாமே என்று ஒரு யோசனை வேறு. கடைசியில் எக்டாபிக், வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். பில்லைப் பற்றிப் பேச வேண்டாம். அதற்குப் பிறகு ஆறு மாதம் அப்பா மணிக்கு நாலு தடவை மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், நடைப்பயிற்சியே நின்றுபோனது. வாட்சை வாங்கிப் பீரோவில் வைத்த பிறகுதான் மனுஷர் மனுஷரானார். உங்கள் பொருளாளர் கட்சி நான்.

தரவு_தின்னி:

அப்பா பட்ட பாடு புரிகிறது. ஆனால் வாட்ச் மேல் முழுப் பழியையும் போட முடியாது. 2019-ல் வந்த ஆப்பிள் ஹார்ட் ஆய்வில் நான்கு லட்சத்து 19 ஆயிரம் பேர். அலர்ட் வந்தவர்கள் அரை சதவீதம் மட்டும். அவர்களில் பிற்பாடு நெஞ்சில் ஈசிஜி பேட்ச் ஒட்டிப் பார்த்தவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் ஏஎஃப் தெரிந்தது. உடனே மீதி இரண்டு பங்கும் பொய் அலாரம் என்று சொல்லிவிடுகிறார்கள், அது தப்பு. பேட்ச் கைக்கு வருவதற்குள் ஏஎஃப் வந்து போயிருக்கலாம். பேட்ச் நெஞ்சில் இருக்கும்போதே வாட்ச் அலர்ட் கொடுத்த நேரங்களைப் பார்த்தால் 84 சதவீதம் சரியாக இருந்தது. என் எண்ணத்தில் உங்கள் வீட்டில் நடந்த பிசகு அலர்ட்டில் இல்லை, ராத்திரி பதினொன்றரைக்கு ஓடியதில்தான். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் வராமல் போவது, இப்படி எதுவும் இல்லாவிட்டால் அது மறுநாள் காலையில் குடும்ப டாக்டரிடம் போய் ஒரு ஈசிஜி எடுக்கிற சமாசாரம். இதை யாராவது வாட்ச் பெட்டியிலேயே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

பெரம்பூர்_மகள்:

நான் அதிகம் எழுதுகிறவள் இல்லை, ஆனால் இந்த இழையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் அம்மாவுக்கு ஏஎஃப் இருப்பது முகாமில்தான் தெரிந்தது. தெரிந்தது என்று சொல்வதா, தெரியவில்லை என்று சொல்வதா?

நான்கு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் ஒரு இலவச முகாம். பந்தல், ஷாமியானா, மாலை மரியாதை, எல்லாம் அமர்க்களம். அம்மாவுக்கு ஈசிஜி எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து ஒரு பிளாஸ்டிக் கவரில் ரிப்போர்ட் வந்தது, எல்லாம் இங்கிலீஷில். கடைசியில் டாக்டரைப் பார்க்கவும் என்று ஒரு வரி அச்சடித்திருந்தது, அது எல்லார் ரிப்போர்ட்டிலும் இருந்த வரி. அம்மா அதை பத்திரமாக சாமி அலமாரியில், காலண்டருக்குப் பின்னால் வைத்துவிட்டார். யாரும் போன் செய்யவில்லை. நானும் கேட்கவில்லை, அது என் தப்பு. எட்டு மாதம் கழித்து அம்மாவுக்குப் பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோதுதான் அந்தக் கவரை எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்தச் சின்ன டாக்டர் பையன் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ஏஎஃப் என்று அதிலேயே இருந்தது.

அதனால் எந்தக் கருவி வாங்கலாம் என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கருவியா குறை? கண்டுபிடித்த பிறகு அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு வீட்டுக் கதவைத் தட்ட ஒரு ஆள் உண்டா, அதைச் சொல்லுங்கள். அந்த ஆள் இல்லையென்றால் முகாமே வேண்டாம், பந்தல் காசு மிச்சம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முகாமுக்கு முன்னாலேயே அம்மாவுக்கு எப்போதாவது படபடப்பு என்று பக்கத்துத் தெரு கிளினிக்கில் காட்டி, இதயத்துக்கு நல்லது என்று ஒரு ஆஸ்பிரின் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு நாங்கள் நிம்மதியாக இருந்துவிட்டோம். ஏஎஃப் பக்கவாதத்துக்கு ஆஸ்பிரின் போதாது என்று பிறகுதான் சொன்னார்கள். முதலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் கொடுத்தார்கள், அதற்கு அடிக்கடி ஐஎன்ஆர் (ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் பரிசோதனை) பார்க்க வேண்டும், 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும், எங்கள் அம்மாவுக்கோ ஒரு மாதம் 1.4, அடுத்த மாதம் 4. கீரை சாப்பிடாதே என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு வைத்தியம். டயட்டீஷியன்தான் கீரையை நிறுத்த வேண்டாம், வாரத்துக்கு வாரம் ஒரே அளவாக இருக்கட்டும், திடீரென்று கூட்டிக் குறைக்காதீர்கள் என்று சொல்லி முருங்கைக்கீரையைக் காப்பாற்றினார். இப்போது அபிக்சபான் என்ற புது மாத்திரை, காலையும் ராத்திரியும், ஐஎன்ஆர் தொல்லை இல்லை. ஜெனரிக் வந்த பிறகு விலையும் தாங்குகிற மாதிரி ஆகிவிட்டது.

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:

பெரம்பூர் அம்மா சொன்னதைக் கமிட்டியில் அப்படியே படித்துக் காட்டுங்கள் தம்பி. வார்டில் இதே மாதிரி கவர் நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். மளிகைச் சீட்டோடு மடித்து வைத்திருப்பார்கள்.

ஆஸ்பிரின் விஷயம் உண்மை. இங்கிலாந்தில் 75 தாண்டியவர்களிடம் வார்ஃபரினையும் (அசிட்ரோம் இந்த வகைதான்) ஆஸ்பிரினையும் எதிரெதிரே வைத்துப் பார்த்து 2007-ல் முடிவு சொன்னார்கள், வார்ஃபரின் பக்கம் பக்கவாதம் பாதிக்குப் பாதி. பெரிய ரத்தக்கசிவிலும் ஆஸ்பிரின் பெரிதாக நல்ல பிள்ளை இல்லை. ஆனால் ஸ்டென்ட் வைத்தவர்கள், வேறு காரணத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு கணக்கு, உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

இன்னொரு விஷயம் நம் ஊருக்கு ரொம்ப முக்கியம். சின்ன வயசில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, மாதாமாதம் பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அந்த ருமாட்டிக் காய்ச்சலில் வால்வு சுருங்கி, அதனால் ஏஎஃப் வந்திருந்தால் புது மாத்திரைகள் ஒத்துவராது, பழைய வார்ஃபரின் வகைதான். 2022-ல் வந்த இன்விக்டஸ் ஆய்வு அதை உறுதி செய்தது, அதில் ரிவராக்சபான் என்ற புது மாத்திரை சாப்பிட்டவர்களைவிடப் பழைய மருந்து சாப்பிட்டவர்கள்தான் அதிகம் பிழைத்தார்கள். அதனால் ஏஎஃப் என்று தெரிந்ததும் ஒரு எக்கோ, கூடவே தைராய்டு, கிட்னிக்கான ரத்தப் பரிசோதனை, இதெல்லாம் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை. பக்கத்து வீட்டு மாமி சாப்பிடுகிறார் என்று அதையே வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

நங்கநல்லூர்_இணைச்செயலாளர்:

எல்லாருக்கும் நன்றி. பெரம்பூர் மேடம், நீங்கள் எழுதியதை நேற்றுக் கூட்டத்தில் வாசித்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, பொருளாளர்கூடக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

முடிவு செய்தது இதுதான். லேப் பேக்கேஜ் வேண்டாம். 65 தாண்டியவர்கள் எங்கள் பட்டியலில் 71 பேர், அவர்களுக்கு மட்டும் பிபி, ஒரு முழு நிமிஷம் நாடி. சந்தேகம் வந்தால் அங்கேயே ஈசிஜி, அதை அன்றைக்கே பார்த்துச் சொல்ல சி பிளாக்கில் இருக்கும் டாக்டர் ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். 75 தாண்டியவர்களுக்கும் பிபி, சுகர் இரண்டும் இருப்பவர்களுக்கும் நாடி சரியாக இருந்தாலும் அந்த விரல் கருவியை இரண்டு வாரம் மாற்றி மாற்றிக் கொடுப்பதாக எண்ணம், ஆனால் கருவி இரண்டுதான் வாங்க முடியும், அதனால் எல்லாருக்கும் சுற்றி வர மாதக்கணக்கில் ஆகும். பிளாக்குக்கு ஒரு ஆள் பொறுப்பு, ஏதாவது வந்தால் பேப்பரைக் கையில் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், என்ன மாத்திரை எழுதினார்கள் என்று நோட்டில் ஏறும்வரை அவர் பொறுப்பு. கையில் காசு இல்லாதவர்களுக்கு கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மையம் நமக்குப் பக்கம்தான், அங்கே கூட்டிப்போகலாம் என்று பேச்சு.

அம்மாவின் நாடியை நேற்று ராத்திரி பார்த்தேன். ஒழுங்காக இருந்தது. ஆறு தடவை பார்த்தேன், ஆறாவது தடவை கையை இழுத்துக்கொண்டார்.

நங்கநல்லூர்_பொருளாளர்:

நான்தான் அந்தக் கண்ணாடி கழற்றுகிறவன். என்னைப் பற்றி உலகத்துக்கே எழுதியிருக்கிறான் என்று பேரன் காட்டினான். சரி, போகட்டும்.

எனக்கு 79. போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. நாளைக்கு என் நாடியைப் பிடித்துப் பார்த்து ஏஎஃப் என்று சொல்லி இந்த ரத்தம் உறையாத மாத்திரையைக் கொடுத்துவிட்டால், மறுபடி விழுந்தால் மண்டைக்குள் ரத்தம் கசிந்து போய்விட மாட்டேனா? பக்கவாதத்தில் போவதற்குப் பதில் அதில் போவது என்ன லாபம்? இது கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்கிறேன். செலவுக் கணக்கு எனக்கு இரண்டாவது, இதுதான் முதல்.

தரவு_தின்னி:

சார், நியாயமான கேள்வி, டாக்டர்களே பல வருஷம் இதே பயத்தில் பெரியவர்களுக்கு மாத்திரை எழுதாமல் விட்டிருக்கிறார்கள். 1999-ல் ஒரு குழு இதைக் கணக்குப் போட்டது. விழுந்து மூளைக்கு வெளியே ரத்தம் கசிகிற அபாயம், வார்ஃபரினால் கிடைக்கிற பலனைத் தாண்ட வேண்டும் என்றால், ஒருவர் வருஷத்துக்குச் சுமார் 295 தடவை விழ வேண்டும் என்று வந்தது. அது காகிதத்தில் போட்ட உத்தேசக் கணக்குத்தான், எல்லாருக்கும் அப்படியே பொருந்தும் என்று இல்லை. ரத்தக்கசிவு அபாயம் கற்பனையும் இல்லை, ஆண்டுக்கு நூற்றில் சிலருக்கு வரத்தான் செய்கிறது. ஆனால் வழுக்கி விழுவார் என்ற ஒரே காரணத்துக்காக மாத்திரையை நிறுத்துவதில்லை. முன்பு வயிற்றில் ரத்தக்கசிவு வந்ததா, கிட்னி எப்படி, பிபி கட்டுக்குள் இருக்கிறதா, மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிச் சாப்பிடுகிற வலி மாத்திரை என்ன, இதைத்தான் எடைபோடுவார்கள். கடைசிச் சமாசாரம் நம் ஊரில் பெரிய விஷயம், சார், டாக்டரிடம் அதை மறைக்காதீர்கள்.

இன்னொன்று, பிபி இல்லை, சுகர் இல்லை, வேறெதுவும் இல்லை, வயசும் குறைவு என்றால் ஏஎஃப் இருந்தாலும் மாத்திரை வேண்டாம் என்றே சொல்லக்கூடும். அதற்கு ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறார்கள். அதில் 75 தாண்டினாலே இரண்டு மதிப்பெண், அதனால் உங்களுக்கு வயசே போதும், மன்னியுங்கள்.

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:

பொருளாளர் சார், குளியலறையில் முதலில் ஒரு கைப்பிடியும் வழுக்காத பாயும் போடச் சொல்லுங்கள், அந்தச் செலவுக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். மாத்திரை வந்தாலும் வராவிட்டாலும் அது வேண்டும்.

தம்பி, நாள் சொல்லுங்கள், ஆதம்பாக்கத்திலிருந்து நான் வருகிறேன், நாடி பார்க்கிற மேஜையில் என்னை உட்கார வையுங்கள். உங்கள் பிளாக் ஆட்களுக்கும் அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவேன். முதல் நாள் நோட்டீஸில் வெறும் வயிற்றோடு வரவும் என்று போடாதீர்கள், எல்லா முகாமிலும் இதைப் போட்டுத் தொலைக்கிறார்கள். நாடிக்கும் ஈசிஜிக்கும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, சுகர் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வரிசையில் நிற்கிறவர்கள்தான் மயங்கி விழுவார்கள். இட்லி சாப்பிட்டுவிட்டு வரட்டும். மாடி ஏறி வந்தவுடனே கையைப் பிடிக்காமல் ஐந்து நிமிஷம் உட்கார வைக்க நாற்காலி நிறைய வேண்டும். பிபி இயந்திரத்தில் துடிப்பு சரியில்லை என்று இதயப் படம் மினுக்கினால் அந்த ஆளை என் மேஜைக்கு அனுப்புங்கள், துடிப்பு தாறுமாறாக இருந்தால் அந்த இயந்திரம் காட்டுகிற பிபியே ஒவ்வொரு தடவையும் மாறும், மூன்று தடவை எடுக்க வேண்டும். அப்புறம் ஃபேன் சத்தமும் மைக் செட்டும் நாடி மேஜைப் பக்கம் வேண்டாம், பாட்டு போட்டால் என் விரல் அந்தத் தாளத்துக்குப் போய்விடும்.